கவசத்துக்கு அளவெடுப்பது

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே
ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் எனக்கு வேலை.
பூப்புனித நீராட்டு, கல்யாணம், அசன விருந்து,
நினைவஞ்சலி,
எந்த முகம் வந்தாலும்
இரண்டு புள்ளி வெளிச்சம் கூட்டுவேன்.
கூட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை.
கூட்டாவிட்டால் கேட்பார்கள்.
இறந்தவர்களும் என் கையால்
கொஞ்சம் வெளுத்துத்தான் போனார்கள்.

ஞாயிறு மதியம் கடை எங்களுடையது.
முதலாளி குலசேகரத்துத் தோட்டத்துக்குப் போய்விடுவார்.
அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் பாய் விரித்து
இருபது முகப் பகடையை உருட்டுவோம்.
கதை நடத்துவது மாஹீன்.
திருவிதாங்கோட்டிலிருந்து பைக்கில் வருவான்,
சட்டைக்குள் விதிப்புத்தகம்,
மழைக்கு அதன்மேல் துணிக்கடைக் கவர்.

அந்தப் புத்தகத்தில்
வனத்து வில்லாளிகள் பாலாடை நிறம்.
குள்ளர்களுக்குச் செந்தாடி.
எங்கள் நிறத்தில் யாரென்று தேடினால்
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், ஒரு குகை,
வாயோரம் கோரைப்பல்,
கொன்றால் ஐம்பது புள்ளி.
ரெஜின் அந்த மூக்கைத் தொட்டுப் பார்த்தான்.
"லேய், இது எங்க சித்தப்பன்லாடே."
சிரித்தோம். ரொம்ப நேரம் சிரித்தோம்.
பிறகு அந்தக் குகைக்குள் வாளோடு போக
யாருக்கும் கை வரவில்லை.
உறையில் போட்டுவிட்டு
பேச்சுவார்த்தைக்குப் பகடை உருட்டினோம்.
மூன்று விழுந்தது.
சித்தப்பன் ஆற்றங்கரைவரை துரத்தினான்.

இனி படங்களை நானே வரைகிறேன் என்றேன்.
பெனட்டா கேட்டது வாள்வீராங்கனை.
கை, பழகிய வழியிலேயே போனது:
தோளுக்கு எஃகு, முழங்காலுக்கு எஃகு,
கணுக்காலுக்குக்கூட எஃகு,
மார்புக்கு மட்டும் இரண்டு சிப்பி.
பெனட்டா குளச்சல் ஏலக்கூடத்தில் கணக்கெழுதுகிறவள்.
எடை குறைந்தால் பார்த்ததும் சொல்வாள்.
காகிதத்தை ஜன்னல் பக்கம் பிடித்து
"அம்பு எங்கடி வந்து படும்?" என்றாள்.
நான் பென்சிலைச் சீவினேன்.
"இந்த மண்ணுல ஒரு துணியத் தோளில போட
எத்தனை பேரு அடி வாங்கியிருக்காவ,
எத்தனை வீடு எரிஞ்சிருக்கு.
நீ ஒரு கோடு போடாம விட்டே
அத அவுத்துட்டியே."

மாஹீன் பகடையைக் கைக்குள்ளேயே வைத்திருந்தான்.
மேலே பாலத்தில்
களியக்காவிளை பஸ் போய்
கூரைத் தகரம் அடங்க நேரமானது.

அளவெடுத்தேன்.
மூச்சு வாங்கினால் விரிய இடம்,
குனிந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் தகடுகள்,
சிங்கிறால் முதுகு மாதிரி.
தோளிலிருந்து ஒரு துணி தொங்கட்டும் என்றாள்.
"சண்டைக்கு எதுக்குத் துணி? கால்ல மாட்டும்."
"சண்டையே அதுக்குத்தானடே."
ரெஜின் தன் மந்திரவாதிக்கும் ஒன்று கேட்டான்.

நிறம் கடைசியில்.
மணவாளக்குறிச்சிக் கரையில் ஈரக் கருமணலை
அள்ளிப் பார்த்திருக்கிறேன்,
கறுப்புக்குள் சிவப்புப் பரல் இருக்கும்,
சாய்த்தால் ஊதா மினுங்கும்.
அதுதான் வேண்டும்.
ஆனால் ஆறு வருஷம் வெளிச்சம் கூட்டிய எனக்கு
கறுப்பைக் கலக்கத் தெரியவில்லை.
சேறாகிப் போனது, இல்லாவிட்டால் நீலம் பாய்ந்தது.
பதினொரு தடவை.
அடுத்ததில் கன்ன எலும்போரம் ஒரு கீற்று
தப்பி வந்தது போல் வந்தது.
பெனட்டா இல்லை அது.
பெனட்டாவையே முறைக்கத் தெரிந்த யாரோ.
"கொள்ளாம்" என்றாள்,
அவள் வாயில் அது பெரிய வார்த்தை.

திங்கள் காலைக்கு ஒரு நினைவஞ்சலி இருந்தது,
பத்துக்கு ஆறு.
வெட்டி எறியும் நாலு அங்குல ஓரத்தில்
எங்கள் மூவரையும் வரிசையாக வைத்து அச்சடித்தேன்,
கடைசியில் சித்தப்பனையும்.
மை காயும்வரை பெரியவர் முகத்தைப் பார்த்தபடி நின்றேன்.
நான் கூட்டிய இரண்டு புள்ளி
அப்படியே இருந்தது.
மகன் எட்டு மணிக்கு வருவார்,
பணம் கட்டியாயிற்று.

கத்தரியால் எங்களை ஒவ்வொருவராக
அவரிடமிருந்து வெட்டி எடுத்தோம்.
சித்தப்பனுக்குக் காது கொஞ்சம் போய்விட்டது.